ஸ்டாஸிஸ்: கட்சி கட்டி நின்ற சொல்

இன்றைய ஏதென்ஸில் பேருந்து நிறுத்தத்துக்குப் பெயர் 'ஸ்டாஸி'. பழைய கிரேக்கத்தில் 'ஸ்டாஸிஸ்' என்றிருந்த இதே சொல், ஊரார் ஊராரையே வெட்டிக்கொள்ளும் உட்பகையைக் குறித்தது. வேர்ப்பொருள், நிற்றல். வடமொழி வழியே நம்மிடம் வந்த ஸ்தானம், ஸ்திதி ஆகியவையும் அந்த இந்தோ-ஐரோப்பிய வேரில் கிளைத்தவைதான். நிற்பது, நிற்கும் இடம், எடுக்கும் பக்கம், பக்கம் சேர்ந்த கூட்டம், கூட்டங்களின் மோதல் என்று பொருள் படிப்படியாகச் சூடேறிவிட்டது. நாமும் 'கட்சி கட்டி நிற்கிறார்கள்' என்றுதானே சொல்கிறோம்!

ஒதுங்கி நின்றாலும் தப்ப முடியாது. உட்பகை மூளும்போது எந்தப் பக்கமும் சேராதவன் குடியுரிமை இழப்பான் என்று ஏதென்ஸுக்குச் சட்டம் வகுத்த சோலோன் விதித்ததாக, அரிஸ்டாட்டில் பெயரில் வழங்கும் 'ஏதென்ஸியர் அரசியலமைப்பு' கூறுகிறது.

ஸ்டாஸிஸ் என்ற சொல் மேடையேறிய இடங்களில் முக்கியமானது நாடகாசிரியர் ஈஸ்கிலஸின் 'யூமெனிடீஸ்', கி.மு. 458. சில ஆண்டுகளுக்கு முன்புதான் எஃபியால்டீஸ் என்ற தலைவர், மேட்டுக்குடியினரின் ஆரியோபகஸ் மன்றத்திடமிருந்து கொலை வழக்கு போன்ற சிலவற்றைத் தவிர மற்ற அதிகாரங்களைப் பறித்தார், விரைவிலேயே கொல்லப்பட்டார். அந்தக் காயம் ஆறாத பார்வையாளர்கள் முன் ஈஸ்கிலஸ் அதே மன்றத்தின் பிறப்பைக் காட்டுகிறார். தாயைக் கொன்ற ஒரெஸ்டீஸ் கூண்டில். வாக்குகள் சரிபாதி, அதனால் விடுதலை. தோற்ற பழிதீர்க்கும் தேவதைகள் மண்ணையே நஞ்சாக்குவோம் என்று கொதிக்கிறார்கள். ஊரின் காவல் தெய்வமான ஏதெனா அவர்களை விரட்டவில்லை. திரும்பத் திரும்பச் சமாதானம் பேசி, ஊரிலேயே இருப்பிடமும் வழிபாடும் தருகிறாள். கடைசியில் அவர்களே, இவ்வூரில் ஸ்டாஸிஸ் ஒருபோதும் முழங்கக் கூடாது என்று வாழ்த்திப் பாடுகிறார்கள். தோற்ற தரப்புக்கும் ஊரில் இடம் வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொன்ன நாடகம் எனக்குத் தெரியவில்லை.

வாழ்த்து பலிக்கவில்லை. கி.மு. 427-இல் கோர்கைரா என்ற கிரேக்க நகரில் மூண்ட ஸ்டாஸிஸில் முரட்டுத்தனம் வீரமென்றும் நிதானம் கோழைத்தனமென்றும் பெயர் மாறியதை வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதிவைத்தார். கி.மு. 404-இல் ஏதென்ஸிலேயே மக்களாட்சியைக் கவிழ்த்து முப்பது பேர் கொண்ட குழுவின், அதாவது முப்பதின்மரின், ஆட்சி வந்தது. குடிமக்கள் பலர் கொல்லப்பட்டனர். மறு ஆண்டு மக்களாட்சி மீண்டபோது, பழைய தீங்குகளைக் கிளறுவதில்லை என்று இரு தரப்பும் சத்தியம் செய்தன. முப்பதின்மரும் அவர்களுடைய முக்கிய அதிகாரிகளும் மட்டும், தங்கள் பதவிக்காலச் செயல்களுக்குக் கணக்கு ஒப்பித்தால்தான் அந்த மன்னிப்பைப் பெற முடியும் என்று விதி வைத்தார்கள்.