நான்காம் ஆண்டு: அமெரிக்கக் கேட்பியல் முனைவர் பயிற்சியின் பலவீனமான கண்ணி

சிறுவயதில் வந்த பொன்னுக்கு வீங்கியால் வலது காது அடியோடு செயலிழந்த ஒருவர் செவிப் பரிசோதனைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். இடது காது நன்றாகக் கேட்கிறது. ஹெட்ஃபோன் மாட்டி வலது காதில் ஒலியைப் படிப்படியாகக் கூட்டினால், 55 அல்லது 60 டெசிபலில் அவர் பொத்தானை அழுத்திவிடுவார். உண்மையில் வலது காது கேட்கவில்லை. மண்டையோட்டின் வழியே மறுபக்கம் சென்ற ஒலியை இடது காது பிடித்திருக்கிறது. அடுத்து எலும்புவழி அதிர்வுக் கருவியை வலது காதுக்குப் பின்னால் வைத்தால் 10 டெசிபலிலேயே பதில் வரும். அதுவும் இடது காதின் பதில்தான். இரண்டையும் அப்படியே ஆடியோகிராமில் குறித்தால், உட்செவி நன்றாக இருக்கிறது, கோளாறு நடுச்செவியில் என்று அந்தத் தாள் சொல்லும். கேட்கவே முடியாத காதுக்கு அறுவை சிகிச்சை பற்றிய பேச்சு தொடங்கிவிடும்.

இதைத் தடுக்கும் வழியைப் பாடநூல் தெளிவாகச் சொல்கிறது. நல்ல காதில் இரைச்சலைக் கொடுத்து அதைக் கட்டிப்போட வேண்டும். மாஸ்கிங் என்று இதற்குப் பெயர். விதிகளை ஒரு வாரத்தில் மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் இரைச்சலை ஏற்ற ஏற்ற வலது காதின் அளவும் நிலைகொள்ளாமல் மேலே நழுவிக்கொண்டே போவதைக் கவனித்து, அந்த நழுவலே விடை என்று உணர்வது வேறு வகை அறிவு. நடுச்செவி அழுத்தச் சோதனை இயல்பாக இருக்கிறதே, பிறகு இந்த ஆடியோகிராம் எப்படிச் சரியாகும் என்று சந்தேகப்படுவதும் அதில் சேரும். குழந்தைகளின் செவிச்சோதனையில் ஒரு சோதனையின் முடிவை மற்றொன்று உறுதிப்படுத்தாமல் ஏற்கக் கூடாது என்று ஜேம்ஸ் ஜெர்கரும் டெபோரா ஹேய்ஸும் 1976இல் எழுதினார்கள். அந்தச் சந்தேகம் ஒரு பழக்கம். பழகியவர் பக்கத்தில் அமர்ந்திருந்தால்தான் அது தொற்றும்.

கேட்பியலுக்கு முனைவர் பட்டம் வேண்டும் என்பதற்கு என்னைப் பொறுத்தவரை வலுவான நியாயம் இது ஒன்றே. ஆனால் இந்தப் பழக்கம் உருவாகவேண்டிய, படிப்பின் நான்காம் ஆண்டைத்தான் அமெரிக்கா மிகக் குறைந்த பாதுகாப்போடு விட்டுவைத்திருக்கிறது.

இத்துறை போரில் பிறந்தது. இரண்டாம் உலகப்போரில் செவித்திறன் இழந்து திரும்பிய வீரர்களுக்காக அமெரிக்க ராணுவம் தனி மறுவாழ்வு மையங்களை நிறுவியது. பென்சில்வேனியாவின் பட்லர் நகரிலிருந்த டெஷான் ராணுவ மருத்துவமனையில் ரேமண்ட் கார்ஹார்ட் பணியாற்றினார். போருக்குப்பின் அவர் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் இதை ஒரு கல்வித்துறையாக வளர்த்தார். சோதிப்பது, கருவியைத் தேர்வது, உதட்டசைவைப் படிக்கக் கற்பிப்பது எல்லாம் ஒரே கூரையின் கீழ் நடந்ததுதான் டெஷானின் சிறப்பு. பின்னாளில் அது சிதறியது. அமெரிக்கப் பேச்சு, செவிச் சங்கத்தின் நெறிமுறை, காது கேட்கும் கருவியை லாபத்துக்கு விற்பதை 1970களின் இறுதிவரை தடைசெய்திருந்தது. சோதித்தவர் ஒருவர், கருவியைப் பொருத்தியவர் வேறொருவர் என்ற நிலை நீண்டகாலம் நீடித்தது.

ஏ.யு.டி. என்ற கேட்பியல் முனைவர் பட்டத்துக்கான இயக்கம் 1980களின் இறுதியில் வேகம் பிடித்தது. ஹூஸ்டன் பெய்லர் மருத்துவக் கல்லூரி 1990களின் முற்பாதியில் முதல் பாடத்திட்டத்தைத் தொடங்கியது. பல் மருத்துவம், பார்வையியல் ஆகியவற்றைப்போல, ஆய்வுப் பட்டமாக இல்லாமல் நோயாளியைப் பார்ப்பவருக்கான பட்டமாக அது வகுக்கப்பட்டது. 2012 முதல் பேச்சு, செவிச் சங்கத்தின் சான்றிதழுக்கே முனைவர் பட்டம் கட்டாயமாயிற்று. பொதுவான அமைப்பு நான்கு ஆண்டுகள்: மூன்று ஆண்டு வகுப்பும் பல்கலைக்கழகக் கிளினிக்கும், நான்காம் ஆண்டு வெளியிடத்தில் எக்ஸ்டர்ன்ஷிப். 2020 விதிகள் வரும்வரை பயிற்சிக்கு 1,820 மணி நேரம் கேட்கப்பட்டது. வாரத்துக்கு 35 மணி வீதம் 52 வாரம் என்று பெருக்கினால் சரியாக இந்த எண் வரும். அதாவது ஒரு முழுநேர ஊழியரின் ஓராண்டு உழைப்பு.

அதற்கு முன்பிருந்த முறையில் மாஸ்டர்ஸ் மாணவர் 375 மணி நேரம் மருத்துவப் பயிற்சி பெற்றார். பட்டம் வாங்கியபின் 36 வாரம் கிளினிக்கல் ஃபெல்லோஷிப் செய்தார். அப்போது அவர் பட்டதாரி. சம்பளம் வாங்கும் ஊழியர். புதிய பட்டம் அந்த ஃபெல்லோஷிப்பைப் படிப்புக்குள்ளேயே இழுத்துக்கொண்டது. பயிற்சி நேரம் கூடியது; கூடவேண்டியதுதான். ஆனால் நேற்றுவரை சம்பளம் தந்த ஆண்டு, இன்று கல்விக் கட்டணம் கட்டும் ஆண்டாக மாறியது. சில இடங்கள் உதவித்தொகை தருகின்றன, சில எதுவும் தருவதில்லை. கையில் பணமில்லாத மாணவர் நல்ல பயிற்சி எங்கே என்று பார்க்காமல் வாடகை எங்கே கட்டுப்படியாகும் என்று பார்க்கவேண்டியிருக்கிறது. சென்னையிலும் மைசூரிலும் பேச்சு, செவியியல் இளங்கலை முடித்து அங்கே போகும் நம் மாணவர்களுக்கு இந்த நெருக்கடி இன்னும் இறுக்கமானது. ஊரில் வாங்கிய கடனின் தவணை அவர்களுக்காகக் காத்திருப்பதில்லை.

பணத்தைவிட எனக்குப் பெரிய கவலை, பக்கத்தில் அமர்பவரைப் பற்றியது. சங்கத்தின் 2020ஆம் ஆண்டு விதிப்படி, மேற்பார்வையாளருக்குச் சான்றிதழுக்குப் பிந்தைய ஒன்பது மாத அனுபவமும், மேற்பார்வை செய்வது பற்றி இரண்டு மணி நேரக் கல்வியும் இருந்தால் போதும். ஓராண்டு முழுவதும் ஒருவரின் மருத்துவத் தீர்ப்பை உருவாக்குபவருக்கு இரண்டு மணி நேரம்! மாணவர் முடிக்கவேண்டிய பயிற்சிக் காலத்தை இவ்வளவு கவனமாக வரையறுக்கிற முறை, கற்பிப்பவரின் தகுதியை இப்படி எளிதாகக் கடந்துபோவதை என்னால் ஏற்க முடியவில்லை. நாள் முழுவதும் கருவி பொருத்தும் கடையிலும் அந்த ஓராண்டு நிறையும். பச்சிளங்குழந்தை உறங்கும்போது மூளைத்தண்டு அலைகளைப் பதிவுசெய்து, விடிந்ததும் தாயிடம் முடிவைச் சொல்லவேண்டிய மருத்துவமனையிலும் அதே ஓராண்டுதான் நிறையும். இரண்டும் ஒன்றாகிவிடுமா?

நான்காம் ஆண்டே தேவையில்லை என்று சிலர் வாதிடுகிறார்கள். பசிபிக் பல்கலைக்கழகம் சான் பிரான்சிஸ்கோவில் மூன்றாண்டில் முடியும் பாடத்திட்டத்தை நடத்துகிறது. அங்கே விடுமுறைகளைச் சுருக்கி அதே பயிற்சியை நெருக்கிவைத்திருக்கிறார்கள். மாணவரின் செலவு குறைகிறது என்ற அளவில் இதை வரவேற்கிறேன். ஆனால் காலத்தைக் குறைப்பது கற்பிப்பவர் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்லவில்லை.

பட்டம் உயர்ந்ததால் தொழிலின் சுதந்திரமும் உயர்ந்துவிடும் என்ற எதிர்பார்ப்பு இன்னும் நிறைவேறவில்லை. முதியோருக்கான மெடிகேர் காப்பீட்டில், மருத்துவரின் உத்தரவு இல்லாமல் கேட்பியலாளர் சோதித்தால் பணம் கிடைக்காது என்பதே நெடுநாள் விதி. 2023இல்தான் ஒரு சிறு கதவு திறந்தது: திடீர்ப் பாதிப்பு அல்லாத குறைகளுக்கு 12 மாதத்துக்கு ஒருமுறை நேரடியாக வரலாம். இதற்கிடையே 2022 அக்டோபர் முதல், லேசான அல்லது மிதமான குறை உணரும் பெரியவர்கள் கருவியைச் சோதனையின்றிக் கடையிலேயே வாங்கலாம் என்றாகிவிட்டது. இதைத் தொழிலுக்கு வந்த ஆபத்தாகப் பார்ப்பவர்கள் உண்டு. கருவி விற்பது யாராலும் முடியும் என்றானபின், கேட்பியலாளரிடம் எஞ்சுவது தீர்ப்பு மட்டுமே என்பது என் கணிப்பு. அதனால் நான்காம் ஆண்டின் எடை கூடுகிறதே ஒழியக் குறையவில்லை.

மருத்துவப் பட்டதாரிகளின் ரெசிடென்சி இதற்கு ஒரு முன்மாதிரி. அங்கே மேற்பயிற்சி தரும் இடமே அங்கீகாரம் பெறவேண்டும். பயில்பவருக்குச் சம்பளம் உண்டு. கேட்பியலிலும் நான்காம் ஆண்டைப் பட்டத்துக்குப் பின் நகர்த்தி, அதை நடத்தும் இடங்களுக்கு அங்கீகாரம் வைத்து, என்னென்ன வகை நோயாளிகளை யார் முன்னிலையில் பார்த்தார் என்பதைக் கணக்கில் எடுக்கலாம். இடங்கள் குறையும் என்ற எதிர்ப்பு வரும். குறையத்தான் செய்யும். அந்த வலது காதின் ஆடியோகிராமில் மாணவர் கையெழுத்துப் போடும்முன் அதைத் திருப்பிப் பார்த்து, இரைச்சலை இன்னும் பத்து டெசிபல் ஏற்று என்று சொல்ல ஆள் இல்லாத இடங்களே முதலில் பட்டியலிலிருந்து போகும்.