எல்லையூர்களும் கூட்டாட்சியும்: பாறசாலை – நெய்யாற்றின்கரைப் பகுதியை முன்வைத்து

முன்னுரை

கூட்டாட்சியின் நன்மை தீமைகளை ஆராய்வோர் பெரும்பாலும் மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் இடையிலான அதிகாரப் பகிர்வையே அளவுகோலாகக் கொள்வர். தமிழகத்தில் 1969-இல் அமைக்கப்பெற்று 1971-இல் அறிக்கை அளித்த இராஜமன்னார் குழு, 1974-இல் சட்டமன்றத்தில் நிறைவேறிய மாநில சுயாட்சித் தீர்மானம், மத்திய அரசு அமைத்த சர்க்காரியா ஆணையம் ஆகிய அனைத்தும் இவ்வழியிலேயே சிந்தித்தன. ஆயின், கூட்டாட்சியின் மற்றொரு முகம் இரு மாநிலங்கள் சந்திக்கும் கோட்டின்மீது தெரிகிறது. கேரளத்தின் தென்கோடியில் அமைந்த பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டார எல்லையூர்களைச் சான்றாகக் கொண்டு அம்முகத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலமும் மொழியும்

நெய்யாற்றின்கரைக்கும் விளவங்கோட்டிற்கும் இடையே மலையோ பேராறோ எல்லையாக நிற்கவில்லை. ஒரே தென்னந்தோப்பு, ஒரே இரப்பர்த் தோட்டம், ஒரே ஓடை இருபுறமும் தொடர்கின்றன. ஊர்ப்பெயர்களே இதற்குச் சான்றாகும். எல்லையின் தமிழகப் பக்கம் களியக்காவிளை, கேரளப் பக்கம் இஞ்சிவிளை, அதனை அடுத்து அமரவிளை என 'விளை' என்னும் ஈறு கோட்டைத் தாண்டிச் செல்கிறது. குடிநீரை 'வெள்ளம்' என்பதும், பலாவைச் 'சக்கை' என்பதும், மரவள்ளியை 'மரச்சீனி' என்பதும் இருபுறத்தார்க்கும் பொதுவான வழக்குகளாகும்.

வரலாறும் அவ்வாறே. ஆய் மன்னர்களின் முக்கிய நகரமான விழிஞம் நெய்யாற்றின்கரைப் பகுதியிலும், ஆய் வேந்தன் கருநந்தடக்கனின் கி.பி. 9ஆம் நூற்றாண்டுச் செப்பேட்டால் புகழ்பெற்ற பார்த்திவசேகரபுரம் விளவங்கோட்டுப் பகுதியிலும் அமைந்துள்ளன. 1888-இல் நெய்யாற்றங்கரையிலுள்ள அருவிப்புறத்தில் சிவலிங்கம் நிறுவிய நாராயண குரு, அதற்கு முன் குமரி மாவட்டத்து மருத்துவாழ் மலையில் தவம் புரிந்தவர். மலையாளத்தோடு தமிழிலும் பாடல் இயற்றியவர். தோள்சீலைப் போராட்டமும் நெய்யாற்றின்கரை, கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்களை ஒருங்கே தழுவியதாகும். ஆக, 1956 வரை இப்பகுதி ஒரே அரசின் கீழ் ஒரே சமூக வெளியாக விளங்கியது என அறியலாம்.

எல்லை வரைவு

திருவிதாங்கூர்த் தமிழர்களின் அரசியல் அமைப்பான திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசு, மார்ஷல் நேசமணி முதலியோர் தலைமையில் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு, நெய்யாற்றின்கரை, செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் ஆகிய ஒன்பது வட்டங்களைத் தாய்த்தமிழகத்தோடு இணைக்கக் கோரியது. 1954 ஆகத்து 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் போராட்டக்காரர் பலர் உயிரிழந்தனர். அப்போது ஆட்சியிலிருந்த பட்டம் தாணுபிள்ளை பதவி விலக வேண்டுமென அவருடைய கட்சியின் பொதுச்செயலாளர் இராம் மனோகர் லோகியாவே வலியுறுத்தியமை குறிப்பிடத்தக்கது.

1955 செப்டம்பரில் அறிக்கை அளித்த பசல் அலி தலைமையிலான மாநில மறுசீரமைப்பு ஆணையம், தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகியவற்றைச் சென்னை மாநிலத்துடன் சேர்க்கப் பரிந்துரைத்தது. 1956 நவம்பர் 1-இல் முதல் நான்கு வட்டங்கள் கன்னியாகுமரி மாவட்டமாயின. செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது.

இங்கு அலகு எது என்னும் வினா எழுகிறது. கேரள எல்லையில் வட்டமே அலகாகக் கொள்ளப்பட்டது. இப்பகுதியில் ஒரு வட்டத்தில் எம்மொழியார் மிகுதியோ அம்மொழி மாநிலத்திற்கு அவ்வட்டம் ஏறத்தாழ முழுமையாகச் சென்றது. இதனால் நெய்யாற்றின்கரையின் கீழ்க்கோடியில் வாழ்ந்த தமிழரும், விளவங்கோட்டின் மேற்கோடியில் வாழ்ந்த மலையாளியரும் ஒருசேரச் சிறுபான்மையராயினர். வடக்கெல்லையில் வேறு முறை கையாளப்பட்டது. ஆந்திர எல்லையைத் தீர்த்த படாஸ்கர் முன்மொழிவு கிராமத்தை அலகாகவும் நிலத்தொடர்ச்சியை நிபந்தனையாகவும் கொண்டது. அதன்வழி 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி தமிழகத்திற்கு வந்தது. ஒரே மாநிலத்தின் இரு எல்லைகள் இருவேறு அளவுகோலால் அளக்கப்பட்டன என்பது இதனால் பெறப்படுகிறது.

அரசியலமைப்பின் 3ஆம் பிரிவு, மாநில எல்லையை மாற்றும் அதிகாரத்தை நாடாளுமன்றத்திற்கு அளிக்கிறது. மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்டால் போதும். இசைவு பெற வேண்டுவதில்லை. எல்லையூர் மக்களின் கருத்தைக் கேட்க வேண்டும் என்னும் விதியோ அறவே இல்லை. சுவிட்சர்லாந்தில் சூரா மாநிலம் 1979-இல் உருவானபோது, 1974, 1975 ஆம் ஆண்டுகளில் சூரா வட்டார அளவிலும் மாவட்ட அளவிலும் பின்னர் எல்லையோர ஊர் அளவிலும் அடுக்கடுக்காக வாக்கெடுப்பு நடத்தப்பட்டது. கூட்டாட்சி என்னும் பெயர் ஒன்றாயினும் அதன் அடித்தளம் நாட்டுக்கு நாடு வேறுபடுவதை இவ்வொப்பீடு காட்டுகிறது.

நன்மைகள்

மொழிவழி மாநில அமைப்பால் குமரிப் பகுதி பெற்ற பயன்கள் மறுக்கவியலாதவை. ஆட்சியும் கல்வியும் பெரும்பான்மை மக்களின் மொழியில் அமைந்தன. முன்னர்த் திருவனந்தபுரத்தை நோக்கி நின்ற நிருவாகம், நாகர்கோவிலைத் தலைநகராகக் கொண்ட தனி மாவட்டமாக அருகில் வந்தது. கல்குளத்திலிருந்து விளவங்கோட்டு நிலங்களுக்குப் பட்டணங்கால் வாய்க்கால் நீரைக் கொண்டுசெல்ல 1966-இல் முடிக்கப்பெற்ற மாத்தூர் தொட்டிப்பாலம், புதிய மாநிலம் தன் எல்லைப்புற உழவர்க்குச் செய்த பணியின் அடையாளமாகும்.

நெய்யாற்றின்கரைப் பகுதியும் பயன் பெறாமல் இல்லை. கேரளத்தின் நிலச்சீர்திருத்தம், பொதுக்கல்வி, பொது மருத்துவம், 1990களில் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தின்வழி ஊராட்சிகளுக்குக் கிடைத்த நிதியதிகாரம் ஆகியன பாறசாலை, காரோடு, குளத்தூர் முதலிய ஊராட்சிகளையும் எட்டின. அருகருகே உள்ள இரு மாநிலங்கள் இருவேறு வழியில் மக்கள்நலக் கொள்கைகளை முயன்று பார்ப்பதும், ஒன்றைப் பார்த்து மற்றொன்று கற்பதும் கூட்டாட்சியில்தான் இயலும். தமிழகத்தின் சத்துணவும் கேரளத்தின் ஊராட்சி முறையும் எல்லையூரார் நாள்தோறும் ஒப்பிட்டுப் பார்க்கும் நிலையில் உள்ளவை.

குறைகள்: நீர்

கூட்டாட்சியின் குறையை உணர்த்தும் தெளிவான சான்று நெய்யாறு இடதுகரைக் கால்வாயாகும். நெய்யாற்றுப் பாசனத் திட்டம் திருவிதாங்கூர்-கொச்சி அரசால் வகுக்கப்பட்டது. அன்று நெய்யாற்றின்கரையும் விளவங்கோடும் ஒரே அரசின் வட்டங்களாகலின், கால்வாயின் கடைமடை விளவங்கோட்டில் அமைந்ததில் வியப்பில்லை. 1956-இல் அணை கேரளத்திற்கும் கடைமடை தமிழகத்திற்கும் உரியவாயின. தமிழக அரசின் கணக்குப்படி விளவங்கோட்டில் 9,200 ஏக்கர் நிலம் இக்கால்வாயை நம்பியிருந்தது. எல்லை மாறிய பின்னரும் தொடர்ந்த நீர்வரத்து 2004-இல் நின்றது.

நெய்யாறு கேரளத்திலேயே தோன்றிக் கேரளத்திலேயே பூவாறு அருகில் கடலில் கலப்பதால் அது மாநிலங்களுக்கிடையிலான ஆறு அன்று என்பது கேரளத்தின் நிலைப்பாடு. மறுசீரமைப்பிற்கு முன்பே ஒதுக்கப்பட்ட நீர் தன் உழவர்களின் உரிமை என்பது தமிழகத்தின் நிலைப்பாடு. 2012-இல் தமிழகம் அரசியலமைப்பின் 131ஆம் பிரிவின்படி உச்ச நீதிமன்றத்தை நாடியது. இரு வாதங்களுக்கும் சட்ட அடிப்படை உண்டு. ஆயின், நாற்று நட்டவனுக்கு இவ்வாதங்களால் நீர் வருவதில்லை. மாத்தூரில் ஒரு மாநிலத்திற்குள் பள்ளத்தாக்கைக் கடந்த நீர், களியக்காவிளை அருகே சமநிலத்தில் ஒரு கோட்டைக் கடக்க முடியாமற் போயிற்று. தடை நிலத்தில் இல்லை, ஆட்சி அமைப்பில் உள்ளது என்பது இவ்விரு கால்வாய்களையும் ஒருங்கே நோக்குவார்க்குப் புலப்படும்.

குறைகள்: மொழி

1956-இல் ஏழாவது திருத்தத்தின்வழி அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 350அ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் வழங்க வழிசெய்கிறது. ஒரு பள்ளியில் நாற்பது பேர் அல்லது ஒரு வகுப்பில் பத்துப் பேர் இருப்பின் தாய்மொழி ஆசிரியர் அமர்த்தப்பட வேண்டும் என்பது 1949-இலேயே கல்வி அமைச்சர்கள் மாநாட்டில் ஏற்கப்பட்ட நெறியாகும். 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டமும் தமிழர், கன்னடர் ஆகியோர் தம் மொழியில் அரசோடு தொடர்புகொள்ள இடமளிக்கிறது.

ஆயின், எல்லையூரில் சிறுபான்மையர் ஊருக்குச் சிலராகச் சிதறி வாழ்வதால் எண்ணிக்கை நெறி அவர்களுக்குப் பயன்படுவது அரிது. மேலும், 2006-இல் தமிழகம் இயற்றிய தமிழ் கற்கும் சட்டம் தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. 2017-இல் கேரளம் இயற்றிய மலையாள மொழிக் கற்றல் சட்டம் மலையாளத்தைப் பத்தாம் வகுப்பு வரை கட்டாயமாக்கியது. தத்தம் மொழியைக் காக்கும் நோக்கில் இரண்டும் நியாயமானவையே. விளவங்கோட்டு மலையாளக் குழந்தைக்கு முதற்சட்டமும், பாறசாலைத் தமிழ்க் குழந்தைக்கு இரண்டாம் சட்டமும் சுமையாகக்கூடும் என்பதை இரு மாநிலத்தாரும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தில்லியிடம் மொழியுரிமை கேட்கும் மாநிலம், தன் எல்லையில் வாழும் பிறமொழியாளர்க்கு அதே உரிமையை வழங்கும்போதுதான் அக்கோரிக்கை வலுப்பெறும்.

குறைகள்: வாழ்வியல்

பட்டியல் சாதி, பழங்குடிப் பட்டியல்கள் 341, 342 ஆம் பிரிவுகளின்படி மாநிலவாரியாக அமைவன. ஒரு மாநிலத்திலிருந்து மற்றொன்றிற்குக் குடிபெயர்வோர் அத்தகுதியை உடன்கொண்டு செல்ல இயலாது என 1990-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொலைதூர நகருக்குப் பெயர்வோர்க்கு வகுக்கப்பட்ட இந்நெறி, அடுத்த ஊரில் மணம்புரிந்து குடியேறும் எல்லையூரார்க்கும் அவ்வாறே பொருந்துகிறது.

கடலிலும் கோடு உண்டு. மீன்பிடித்தல் மாநிலப் பட்டியலில் அடங்கும். குமரி மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான தடை சூன் 1 முதல் சூலை 31 வரை 61 நாட்கள். கேரளத்தில் சூன் 9 நள்ளிரவு தொடங்கி 52 நாட்கள். நீரோடியும் பொழியூரும் அடுத்தடுத்த கடலோர ஊர்கள். மீனுக்கு எல்லை தெரியாது. 2017 சூலையில் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபின் வணிகவரிச் சோதனைச் சாவடிகள் மறைந்தன. எனினும், மதுவும் எரிபொருளும் அவ்வரிக்கு வெளியே நிற்பதால் விலை வேறுபாடும் கடத்தலும் தொடர்கின்றன. தமிழக நியாயவிலைக் கடையின் இலவச அரிசி எல்லை கடந்து விற்கப்படுவதும் இவ்வேறுபாட்டின் விளைவேயாகும். சமய அமைப்பும் எல்லையைப் பின்பற்றியது. தென்னிந்தியத் திருச்சபையின் தென் திருவிதாங்கூர்ப் பேராயம் 1959-இல் கன்னியாகுமரி, தென்கேரளம் என இரண்டாயிற்று.

கோட்டைக் கடக்கும் மரபு

இரு மாநிலங்களும் இணங்கிச் செயல்பட இயலாதவை அல்ல. பத்மநாபபுரம் அரண்மனை தமிழகத்தில் அமைந்திருந்தும் கேரளத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ளது. ஆண்டுதோறும் நவராத்திரியின்போது பத்மநாபபுரத்துச் சரசுவதி, குமாரகோவில் முருகன், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கை ஆகிய திருமேனிகள் ஊர்வலமாகக் களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியே திருவனந்தபுரம் செல்கின்றன. எல்லையில் இரு மாநிலக் காவலரும் அணிவகுத்து மரியாதை செய்கின்றனர். அச்சரசுவதி கம்பர் வழிபட்ட திருமேனி என்பது செவிவழி மரபு. திருமேனிகள் கடப்பதற்கு ஓர் ஏற்பாடு இயலுமெனில், நீர் கடப்பதற்கும் இயலும் என்று கருதுவதில் தவறில்லை.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால், மொழிவழிக் கூட்டாட்சி பெரும்பான்மையர்க்குத் தம் மொழியில் தம்மை ஆளும் வாய்ப்பைத் தந்தது என்பதும், அதன் விலையை எல்லையூர்ச் சிறுபான்மையரும் கடைமடை உழவரும் மிகுதியாகச் செலுத்தினர் என்பதும் பெறப்படுகின்றன. இக்குறை மாநில அதிகாரம் மிகுந்ததால் விளைந்தது அன்று. மாநிலத்தோடு மாநிலம் பேசும் அமைப்புகள் வலுவிழந்திருப்பதால் விளைந்தது. 1956-இல் உருவான தென்மண்டலக் குழுவும், 263ஆம் பிரிவின்படி 1990-இல் அமைந்த மாநிலங்களுக்கிடை மன்றமும் இதற்கெனவே தோன்றியவை. அவற்றின்வழி எல்லைப்புற நீர், பள்ளி, சான்றிதழ் ஆகியவற்றிற்கு நிலையான உடன்பாடுகள் காண்பது இயலும். மாநில உரிமையின் இறுதிப் பொருள் மாநிலத்தின் கடைக்கோடியில் வாழ்பவனின் உரிமையே என்பதை இஞ்சிவிளையும் களியக்காவிளையும் உணர்த்தி நிற்கின்றன.