கையை விரித்த பிறகு

‘டாக்டர் கையை விரித்துவிட்டார்’ என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. அந்த வாக்கியத்தோடு மருத்துவத்தின் வேலை முடிகிறது. யாரோ ஒரு பெண்ணின் வேலை தொடங்குகிறது. புரட்டிப் படுக்கவைப்பதும், படுக்கைப்புண்ணைத் துடைப்பதும், கஞ்சியைக் கரண்டியால் புகட்டுவதும், ராத்திரி முனகல் கேட்டு எழுந்து உட்காருவதும் மனைவியின், மகளின், மருமகளின் பொறுப்பாகிவிடும். அதை வேலை என்று எந்தக் கணக்கிலும் எழுதுவதில்லை. ‘ஹாஸ்பிஸ்’ எனப்படும் இறுதிக்காலப் பராமரிப்பின் வரலாற்றை நான் வாசிப்பது இந்த இடத்தில் நின்றுதான்.

அந்த வரலாறு பெரும்பாலும் பெண்களுடையது. 1842இல் பிரான்சின் லியோன் நகரில் ழான் கார்னியே, தன்னைப் போன்ற விதவைகளைச் சேர்த்துக்கொண்டு, தீராப் புற்றுநோயாளிகளைக் கவனிக்க ஓர் அமைப்பைத் தொடங்கினார். 1879இல் டப்ளினிலும் 1905இல் லண்டனின் ஹாக்னியிலும் அயர்லாந்துக் கன்னியாஸ்திரிகள் மரணத்தறுவாயில் இருப்பவர்களுக்கென இல்லங்கள் திறந்தார்கள். இதையெல்லாம் உலகம் தர்மம் என்றது. அறிவு என்று சொல்லவில்லை.

சிசிலி சாண்டர்ஸின் வாழ்க்கை இங்கேதான் முக்கியமாகிறது. 1918இல் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்தபோது போர் வந்தது; படிப்பை விட்டுச் செவிலியர் பயிற்சிக்குப் போனார். முதுகுக் கோளாறு அந்தத் தொழிலைத் தொடரவிடவில்லை. மருத்துவமனைச் சமூகப் பணியாளர் ஆனார். நோயாளியின் வீட்டுக் கவலைகளை உட்கார்ந்து கேட்கும் வேலை அது. அங்கே சந்தித்தவர்தான் டேவிட் டாஸ்மா. போலந்திலிருந்து வந்த யூதர், ஓட்டல் பரிசாரகர், லண்டனில் சொந்தம் என்று யாருமில்லாமல் புற்றுநோயில் இறந்துகொண்டிருந்தார். இறப்பவர்கள் வலியின்றி, தனித்துப்போகாமல் இருப்பதற்கான ஓர் இல்லத்தைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டார்கள். 1948இல் அவர் இறந்தபோது, அந்த வருங்கால இல்லத்தில் ஒரு ஜன்னலுக்காக 500 பவுண்டு விட்டுச்சென்றார்.

சாண்டர்ஸ் மாலை நேரங்களில் தொண்டராகப் போன இன்னொரு இல்லத்தில், செவிலியர்கள் மார்ஃபினை வலி வந்த பிறகு கொடுக்கவில்லை. வலி திரும்புமுன், மணிக்கணக்குப்படி வாய்வழி கொடுத்தார்கள். நோயாளிகள் தெளிவாக இருந்தார்கள், பேசினார்கள். பெரிய மருத்துவமனைகளிலோ வலியில் துடித்துக் கெஞ்சினால்தான் ஊசி. இதை யாரிடம் போய்ச் சொல்வது? ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். நர்ஸ் சொல்லும் ஏறவில்லை. அவரோடு பணியாற்றிய அறுவை மருத்துவர் நார்மன் பேரட், நீ டாக்டராகப் படித்தால்தான் உன் பேச்சைக் கேட்பார்கள் என்று வெளிப்படையாகவே சொன்னார். 33 வயதில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார், 1957இல் டாக்டரானார். செவிலியாகவும் சமூகப் பணியாளராகவும் அவருக்கு முன்பே தெரிந்ததுதான். பட்டம் வந்ததும் அது மருத்துவமாயிற்று. இதை நல்லெண்ண அறிவுரை என்றே வரலாறுகள் எழுதுகின்றன. எனக்கு அது ஒரு குற்றப்பத்திரிகையாகவும் படுகிறது.

ஹாக்னி இல்லத்தில் அவர் நோயாளிகளின் பேச்சைப் பொறுமையாகப் பதிவுசெய்தார். வலியைப் பற்றிக் கேட்டபோது ஒரு பெண், முதுகில் தொடங்கியது, இப்போது நான் முழுவதுமே சரியில்லை போலிருக்கிறது என்ற பொருளில் பதில் சொன்னார். கணவனும் மகனும் அன்பானவர்கள்தான். ஆனால் தனக்காக வேலைக்குப் போகாமல் கூலியை இழக்க வேண்டிவருமே என்பதும் அந்தப் பதிலில் இருந்தது. சாகக் கிடக்கும்போதும் வீட்டு வரவுசெலவு! உடல், மனம், உறவு, பணம், நம்பிக்கை எல்லாம் பின்னிய ‘முழுவலி’ என்ற கருத்தை சாண்டர்ஸ் இத்தகைய பேச்சுகளிலிருந்துதான் எடுத்தார்.

முழுவலியை ஒரு டாக்டர் தனியாகத் தணிக்க முடியாது. எனவே 1967இல் லண்டனின் சிடன்ஹாமில் அவர் திறந்த செயின்ட் கிறிஸ்டோஃபர்ஸ் ஹாஸ்பிஸில் குழுவே மருந்தாயிற்று. டாக்டர், செவிலியர், சமூகப் பணியாளர், மதகுரு, தொண்டர்கள் எல்லாரும் கூடிப் பேசினார்கள். நள்ளிரவில் நோயாளி எதற்கு அழுதார் என்று செவிலி சொல்வதும் சிகிச்சைத் தகவலாயிற்று. அதைவிடப் பெரிய மாற்றம், கவனிக்கப்பட வேண்டியவர் நோயாளி மட்டுமல்ல, குடும்பமும்தான் என்று வகுத்தது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் தூங்கினாளா, அவளுக்கு என்ன பயம் என்று கேட்பதும் குழுவின் கடமை. இறப்போடு அது முடிவதில்லை. மனநல மருத்துவர் காலின் மரே பார்க்ஸின் வழிகாட்டலில், துக்கத்தில் உடைந்துபோகக்கூடியவர்களை இனங்கண்டு தொண்டர்கள் பிறகும் போய்ப் பார்த்தார்கள்.

1969இல் குழு வீடுகளுக்கும் போகத் தொடங்கியது. வீட்டில் இறக்க வேண்டும் என்ற ஆசை நியாயமானது. ஆனால் செவிலி வந்துபோகும் நேரம் தவிர மிச்ச நேரமெல்லாம் யார்? பராமரிப்பு வீட்டுக்குத் திரும்பும்போது அதன் சுமை மறுபடி மகளின் தலையில்தான் இறங்குகிறது, இம்முறை பாராட்டோடு. குடும்பத்தையும் கவனி என்ற விதியை எடுத்துவிட்டால் ஹாஸ்பிஸ் வெறும் செலவுக் குறைப்புத் திட்டமாகிவிடும்.

சாண்டர்ஸ் 1963இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பேசியதைக் கேட்டவர்களில் ஒருவர் ஃபுளோரன்ஸ் வால்ட், அங்கே செவிலியர் பள்ளியின் முதல்வர். பின்னர் அந்தப் பதவியை விட்டுவிட்டு, 1974இல் கனெக்டிகட்டில் அந்நாட்டின் முதல் ஹாஸ்பிஸ் உருவாகக் காரணமானார். முதுமையில் அவர் சிறைகளின் பக்கம் திரும்பினார். ஆண்கள் சிறைக்குள் சாகக் கிடக்கும் கைதிக்கு மனைவியோ மகளோ பக்கத்தில் இல்லை. சக கைதிகளுக்கே பயிற்சி கொடுத்தார்கள். உடம்பு துடைக்கவும், சோறூட்டவும், கடைசி இரவில் கையைப் பிடித்துக்கொண்டு உட்காரவும் அந்த ஆண்கள் கற்றுக்கொண்டார்கள்.