ஒலிம்பிக்கில் இராமன் அடித்த கோல்

திரிங்காப் குளிரில் வெறுங்காலால் பந்து உதைத்தவர்களுக்கு நனைந்த தோல்பந்தின் கனம் தெரியும். 1948 ஜூலை 31 அன்று இலண்டனை அடுத்த இல்ஃபோர்டில், சுதந்திரம் பெற்று ஓராண்டுகூட நிறையாத இந்தியா, ஒலிம்பிக் போட்டியில் பிரான்சை எதிர்த்து ஆடியது. இந்திய ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் காலில் பூட்சு இல்லை. பிரான்சு முதலில் ஒரு கோல் போட்டது. 70-ஆம் நிமிடத்தில் முன்வரிசை ஆட்டக்காரர் சாரங்கபாணி இராமன் அதைச் சமன் செய்தார். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் முதல் கோல் அதுதான்.

ஆட்டம் முடியும் தறுவாயில் பிரான்சு இன்னொரு கோல் அடித்து வென்றது. இந்தியாவுக்குக் கிடைத்த இரண்டு பெனால்டிகளும் வீணாகியிருந்தன. ஒன்றாவது உள்ளே போயிருக்கக் கூடாதா! அன்றைய தோல்விக்கு வெறுங்காலைக் குறை சொல்வது நியாயமல்ல. 1952-இல் ஹெல்சிங்கிக் குளிரில் யூகோஸ்லாவியாவிடம் பத்துக்கு ஒன்று என்று தோற்ற பிறகே இந்திய ஆட்டக்காரர்களுக்குப் பூட்சு கட்டாயமாயிற்று.