தபாலில் வந்த வாத்தியார்

இப்ப எங்கள் எல்லாருடைய போனுக்குள்ளயும் ஒரு சின்னக் கம்பஸ் இருக்கு. யூடியூப் விரிவுரைகள், வாட்ஸ்அப்பில் கைமாறும் பிடிஎஃப்கள், நூலகம் தளத்தில் தேடி எடுத்த பழைய சஞ்சிகைகள், கடைசிக்கு சாட்ஜிபிடி. எதை, எப்ப, எந்த ஒழுங்கில் படிக்கிறது என்று நாங்களே தீர்மானிக்கிறோம். கல்வியியலில் இதற்கு ‘தனிநபர் கற்றல் சூழல்’ என்று பெயர். பெயர்தான் புதுசு, விஷயம் பழசு.

1840இல் பிரித்தானியாவில் ஒரு பென்னிக்குக் கடிதம் அனுப்பலாம் என்ற நிலை வந்தது. உடனேயே ஐசக் பிட்மன் தபாலில் சுருக்கெழுத்துப் படிப்பிக்கத் தொடங்கினார். மாணவர்கள் பைபிள் பகுதிகளைச் சுருக்கெழுத்தில் எழுதி அனுப்புவார்கள், அது திருத்தப்பட்டுத் திரும்பி வரும். அன்றைய புதுத் தொழில்நுட்பம் தபால். ஆனால் திருத்தி அனுப்ப ஒருவர் இல்லாவிட்டால் அது வெறும் கடிதப் போக்குவரத்துத்தான்.

1858இல் லண்டன் பல்கலைக்கழகம், அங்கே போய்ப் படிக்காதவர்களும் தன் பரீட்சையை எழுதலாம் என்றது. எங்கள் நாட்டின் உயர்கல்வி வரலாறும் இந்தக் கதையோடு சேர்ந்ததுதான். 1921இல் கொழும்பில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி, 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாகும் வரைக்கும், மாணவர்களை லண்டன் பரீட்சைக்கே தயார்படுத்தியது. பரீட்சையும் பட்டமும் கடல் தாண்டி வந்தன. படிப்பிக்கிறவர் மட்டும் பக்கத்தில் இருக்க வேண்டியிருந்தது.

1969இல் பிரித்தானியாவில் திறந்த பல்கலைக்கழகம் அமைந்தது. அதன் பாடங்கள் பிபிசி தொலைக்காட்சியிலும் வானொலியிலும் போயின. பலருக்கு இதுதான் நினைவிருக்கு. ஆனால் ஒப்படைகளைத் திருத்திக் குறிப்பெழுத டியூட்டர்கள் இருந்தார்கள், கோடைகாலத்தில் நேரடி வகுப்புகளும் நடந்தன. 1980இல் உருவான இலங்கைத் திறந்த பல்கலைக்கழகமும் பிராந்திய நிலையங்களையும் நேரடி வகுப்புகளையும் கைவிடவில்லை.

பள்ளிக்கூட முறையே வேண்டாம் என்றவர் இவான் இல்லிச். 1971இல் அவர் எழுதிய நூலில் ‘கற்றல் வலைகள்’ என்று நான்கு வழிகளைச் சொல்கிறார்: படிக்கத் தேவையான பொருட்கள், திறமையைச் சொல்லித் தருபவர்கள், கூடப் படிக்கும் ஆட்கள், வழிகாட்டும் கல்வியாளர்கள். இணையம் வர முதலே போட்ட திட்டம் இது. நான்கில் மூன்று மனிதர்கள் என்பதைக் கவனியுங்கள்.

பிறகு இணையம் வந்தது. 2011இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை இலவசமாகத் திறந்தபோது ஏறக்குறைய 160,000 பேர் பதிந்தார்கள். முடித்தவர்கள் இருபதாயிரம் சொச்சம். அதுவும் பெரிய தொகைதான். ஆனால் மிச்ச ஆட்கள் எங்கே நின்றார்கள், ஏன் நின்றார்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்க அங்கே யாரும் இருக்கவில்லை.

இந்தக் கேள்வி எங்களுக்குத் தூரமானது இல்லை. 2020இல் பள்ளிக்கூடங்கள் மூடியபோதும், 2022இல் 13 மணிநேரம் வரை கரண்ட் போனபோதும், படிப்பு போனுக்குள் போனது. போனும் டேட்டாவும் இல்லாதவர்களைப் பற்றி அப்போது நிறையக் கதைத்தோம், கதைக்கத்தான் வேண்டும். இன்னொரு இடைவெளியைப் பற்றிக் கதைத்தது குறைவு. ஒரே பிடிஎஃப் இரண்டு பேரிடம் இருக்கும். ஒருவருக்குக் கம்பஸ் போன அக்காவோ தெரிந்த ஆசிரியரோ இருப்பார். மற்றவர் வீட்டில் அவர்தான் முதல் ஆளாக ஏ.எல். எழுதுவார். விளங்காத இடத்தில் முதலாமவர் கேட்பார், இரண்டாமவர் அந்தப் பக்கத்தை அப்படியே விட்டுவிடுவார். சாட்ஜிபிடி பதில் சொல்லும்தான். அது பிழையாகச் சொன்னாலும் கண்டுபிடிக்க முதலே கொஞ்சம் தெரிந்திருக்க வேணும்.

கம்பஸில் இதற்கு எங்களிடம் ஒரு வழி ஏற்கனவே இருக்கு: குப்பி. பரீட்சைக்கு முதல் நாள், விளங்கின ஒருவர் விளங்காத பத்துப் பேருக்குச் சொல்லித் தருவது. அதைக் கம்பஸ் மதிலுக்கு வெளியே கொண்டுபோக ஏலாதா? எங்கள் ஊரில் ஏ.எல். எழுதப்போகும் ஒரு தங்கச்சிக்கோ தம்பிக்கோ லிங்க் அனுப்பினால், அடுத்த கிழமை எடுத்து, “எந்த இடம் விளங்கேல்ல?” என்றும் கேட்போம்.