முதியோர் தசை காப்பு: மாற்றுப் பயிற்சி முறைகள்

முதுமையில் தசையின் அளவும் வலுவும் குறைந்துபோவது தசைக்குறைவு நோய் (சார்கோபீனியா). அமெரிக்க மருத்துவர் இர்வின் ரோசன்பர்க் 1989இல் இட்ட பெயர் இது. ஆசிய வல்லுநர் குழுவின் 2019 வரையறைப்படி, கைப்பிடி வலு ஆண்களுக்கு 28 கிலோவுக்கும் பெண்களுக்கு 18 கிலோவுக்கும் கீழே இறங்கினால் வலுக்குறைவு. நாற்காலியில் கை ஊன்றாமல் ஐந்து முறை எழுந்து உட்கார 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனாலும் கவனிக்க வேண்டும்.

பூதலூர் போன்ற காவிரிப் பாசன ஊர்களில் நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று உழைத்த உடம்புக்கு இது வராது என்று நம்புவது தவறு. உழைப்பு நின்றதும் தசை வற்றத் தொடங்கும். நலமாக இருந்த முதியோரைப் பத்து நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த 2007ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வில், கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ சதை குறைந்தது. வயலில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர் மாதக்கணக்கில் படுத்தால் என்ன ஆகும் என்பதை இதிலிருந்தே உணரலாம்.

வழக்கமான பளுப் பயிற்சிக்கு மாற்றான முறைகள் முதன்மையாக இத்தகையோருக்கானவை. மின்தூண்டல், ஊரார் பேச்சில் 'கரண்டு வைப்பது', தோலில் ஒட்டிய பட்டைகள் வழியே நரம்பைத் தூண்டித் தசையைச் சுருங்கவைக்கிறது. காலை அசைக்க முடியாதவருக்கும் இது பயன்படும். ஆனால் தசை விரைவில் களைத்துவிடும். இதயமுடுக்கி பொருத்தியவர்கள் மருத்துவர் அனுமதியின்றி இதை வைத்துக்கொள்ளக் கூடாது. ஜப்பானில் யோஷியாகி சாட்டோ உருவாக்கிய 'காட்சு' முறையில் தொடையிலோ கையிலோ பட்டை கட்டி இரத்த ஓட்டத்தை ஓரளவு மட்டுப்படுத்துவார்கள். ஒருவரால் தூக்க முடிந்த உச்சப் பளுவில் 20 முதல் 30 விழுக்காடே போதும் என்பதால் மூட்டுத் தேய்ந்தவர்களுக்கு ஏற்றது. இரத்தக்கட்டி இருந்தவர்களுக்கும் இரத்த அழுத்தம் கட்டுப்படாதவர்களுக்கும் ஆபத்து. தேர்ந்தவர் மேற்பார்வை இல்லாமல் செய்யவே கூடாது. அதிர்வுத் தட்டு வலுவையும் நிலைதடுமாறாமையையும் சற்றே கூட்டலாம். தசை அளவு பெருகும் என்பதற்குச் சான்று குறைவு. விளம்பரத்தை நம்பி அதை வாங்குவது வீண் செலவு.

எழுந்து நிற்க முடிந்தவருக்குப் பளுப் பயிற்சிக்கு ஈடு எதுவுமில்லை. மரியா ஃபியாட்டரோன் குழு 1990இல் வெளியிட்ட ஆய்வில், முதியோர் இல்லத்தில் இருந்த தொண்ணூறு வயதினர் எட்டு வாரப் பயிற்சியில் கால் வலுவை இரு மடங்குக்கு மேல் கூட்டினர். வீட்டில் இதற்கு நாற்காலியும் கணுக்காலில் கட்டும் மணல் பையும் போதும். தமிழக அரசு 5 ஆகஸ்ட் 2021 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி இயன்முறை சிகிச்சை தருவதும் அடங்கும். படுத்தவரை எழுப்ப முதலில் நாட வேண்டியது அதையே. சோறு மிகுந்த சாப்பாட்டில் புரதம் குறைவதால், சம்பாவுக்குப் பின் இங்கே விளையும் உளுந்தும் பாசிப்பயறும் முட்டையும் மீனும் பயிற்சியோடு சேர வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் புரத அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.