கட்டளைக்குத் தனி வழி



மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று சங்கத்தில் கேட்டபோது, கதை கவிதை எழுதும் கை எனக்கில்லை என்றேன். "தெரிஞ்ச தொழிலைப் பத்தி எழுதப்பா" என்றார்கள். நான் பட்ட ஒரு பாட்டையும் அதன் பின்னாலுள்ள சரித்திரத்தையும் எழுதுகிறேன்.

2004-ஆம் வருடம். முதலிபாளையம் சிட்கோவில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் நெட்வொர்க் என் பொறுப்பு. கட்டிங், பேக்கிங், ஆபீஸ் மூன்றையும் ஆறு ஸ்விட்சுகளால் இணைத்திருந்தேன். பில்லும் பேக்கிங் லிஸ்ட்டும் போகும் அதே வயரில்தான் ஸ்விட்சுகளுக்கான கட்டளைகளும் போயின.

ஒரு ராத்திரி, தூத்துக்குடிக்குக் கண்டெய்னர் கிளம்பும் நேரம். பேக்கிங்கில் யாரோ ஒரு கேபிளின் இரு முனைகளையும் ஒரே ஸ்விட்சில் செருகிவிட்டார்கள். தகவல் சுற்றிச் சுற்றிப் பெருகி மொத்த நெட்வொர்க்கும் திணறி நின்றது. கோளாறு எங்கே என்று பார்க்க ஸ்விட்சுக்குள் நுழையப் போனால் அந்த வழியும் அடைத்துக் கிடக்கிறது!

முதலாளி வந்தார். "ஏனுங்க தம்பி, சாவிய உள்ள வெச்சுப் பூட்டிட்டீங்களா?" என்றார். ஏணியைத் தூக்கிக்கொண்டு அலைந்து, ஒவ்வொரு வயராகப் பிடுங்கிப் பார்த்துக் கண்டுபிடிக்க விடியற்காலை நாலு மணி. கப்பல் தவறிவிட்டது. சரக்கை விமானத்தில் அனுப்பினோம். அந்த ஆர்டரின் லாபம் அதிலேயே கரைந்தது. முதலாளி என்னைத் திட்டவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

உறுத்தலுக்குக் காரணம் உண்டு. இந்தப் பாடத்தை நம் கல்லூரியிலேயே, மூன்றாம் வருட டெலிபோன் வகுப்பில் படித்திருக்கிறேன். அமெரிக்காவின் நெடுந்தூர டெலிபோன் லைன்களில், பேச்சு போகும் அதே வழியில்தான் 'லைன் காலி' என்ற சைகையும் 2600 ஹெர்ட்ஸ் ஒலியாகப் போயிற்று. ஒரு தின்பண்டப் பெட்டியில் இலவசமாக வந்த விசில் அதே ஒலியை எழுப்பியது. ஜான் டிரேப்பர் போன்றவர்கள் அந்த ஒலியை வைத்து எக்ஸ்சேஞ்சையே ஏமாற்றிக் காசில்லாமல் பேசினார்கள். 1971-ல் எஸ்குயர் பத்திரிகை எழுத, விஷயம் ஊருக்கே தெரிந்தது. 1976 முதல் ஏ.டி. அண்டு டி. கம்பெனி சைகைகளைத் தனி வழிக்கு மாற்றத் தொடங்கியது.

நம் முன்னோர் ஏரிகளிலும் இதே கதைதான். குமிழித் தூம்பைத் திறக்க ஆள் தண்ணீருக்குள்ளேயே முங்க வேண்டும். மேலே நின்று திருகும் மதகு வந்தபிறகு அந்த ஆபத்து நீங்கிற்று.

கம்ப்யூட்டர்க்காரர்கள் இதையெல்லாம் மறந்து பழைய தப்பையே திரும்பச் செய்தோம். 1998-ல் வந்த 802.1க்யூ தரம், ஒரே வயரில் 4094 தனித்தனி விலான்கள் வரை ஓட்ட வழி செய்தது. ஒன்றை நிர்வாகத்துக்கென்றே ஒதுக்கலாம். ஆனால் புது ஸ்விட்சில் பெரும்பாலும் எல்லாப் போர்ட்டும் முதலாம் விலானிலேயே இருக்கும். நாமாகப் பிரித்தால்தான் உண்டு. நான் பிரிக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விலான் வேலி மாதிரி. வேண்டாதவரைத் தள்ளி வைக்கும். வயரே அடைத்துக்கொண்டால் உள்ளே ஓடும் நிர்வாக விலானும் அடைபடும். அதற்குத்தான் தனி நிர்வாகப் போர்ட், கன்சோல் கேபிள் எல்லாம். அந்த வாரமே ஆறு ஸ்விட்சுகளிலிருந்தும் என் அறைக்குத் தனி வயர் இழுத்தேன்.

சின்னக் கம்பெனி என்பதால் வந்த தவறு என்று நினைக்க வேண்டாம். 2022 ஜூலை 8-ஆம் தேதி, நம் தமிழர்கள் ஏராளமாக வாழும் கனடாவில் ரோஜர்ஸ் கம்பெனியின் நெட்வொர்க் விழுந்தது. 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் தவித்தார்கள். அவசர உதவிக்கு 911 கூப்பிட முடியாதவர்களும் உண்டு. அவர்களுடைய நிர்வாக நெட்வொர்க்கும் விழுந்துபோன அதே நெட்வொர்க்கை நம்பியிருந்ததால், இன்ஜினியர்கள் உள்ளே நுழையவே மணிக்கணக்காயிற்று. செய்தியைப் படித்தபோது முதலிபாளையத்து ஏணிதான் கண்முன் நின்றது.

இந்தத் துறைக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை: ஸ்விட்சை மாட்டும் அன்றே சாவியை வெளியே எடுத்து வையுங்கள். வகுப்பில் கேட்டதைச் செலவு செய்து கற்றுக்கொண்டவன் சொல்கிறேன்.

மற்றவை நேரில் பேசுவோம். வணக்கம்.